அன்வர் வீட்டுப் பெட்டி

இன்று கம்பம் ஊரிலுள்ள மாமா வீட்டுக்குக் குடும்பத்தோடு போனோம். மாமா மகன் அன்வர் புது நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியைக் காட்டினான். வீட்டிலுள்ள படம், பாட்டு எல்லாம் அதற்குள்தான்.

நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்த அதே பெட்டி. வயிறு எரிந்தது.

"அத்தா, விலை கம்மி, கரண்டும் கொஞ்சந்தான் திங்கும். நமக்கும் வாங்குவோமே!" என்று அப்பாவிடம் கெஞ்சினேன்.

அன்வர் முந்திக்கொண்டான். "எதுக்குலே மச்சான்? ஒங்க வீட்டு போட்டோவையும் இதுலயே போட்டு வைக்கச் சொல்லி ஒங்க அத்தாதான் குடுத்துட்டாக."

உடனே கம்ப்யூட்டரில் திறந்தும் காட்டினான். சொந்தபந்தம் மொத்தமும் பார்க்க, திரையில் அக்காவின் பாவாடை, ரெட்டைச் சடையோடு மூன்று வயது நான்.

கரண்ட் போகாதா என்று வேண்டினேன். போனது. ஃபேன்தான் நின்றது. பெட்டியும் கம்ப்யூட்டரும் யுபிஎஸ்ஸில் ஜோராக ஓடின.

யுபிஎஸ் தாங்காத அளவுக்குக் கரண்டை அள்ளித் தின்கிற பெட்டி எது மக்களே? அன்வருக்குப் பரிசளிக்க வேண்டும்.