பசியில்லாத உபவாசம்

ஆண்டவருடைய இரக்கத்தால் இதை நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நானாகவே எழுந்து போவேன். போன ஜூலை மாதம் அது என்னால் முடியவில்லை. மேசையைப் பிடித்துத்தான் எழ வேண்டியிருந்தது. இரண்டு தொடையும் அடித்துப் போட்டதுபோல வலித்தன. யாரிடமும் சொல்ல வழியில்லை. சொன்னால் சபையில் நான் சொன்ன சாட்சி பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியவில்லை.

நான் எளாவூரில் அம்மாவோடு இருக்கிறேன். வயது இருபத்தெட்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், வண்டிகளுக்கு இரும்பு வார்ப்புப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை என் வேலை. எதையும் எழுதி, வரிசை போட்டு, சரிபார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

அப்பா நாற்பத்து நான்கு வயதில் மாரடைப்பால் இறந்தார். எனக்கும் கொலஸ்ட்ரால் மிக அதிகம் என்று நான்கு வருடங்களுக்கு முன்பு தெரிந்தது. எங்கள் டாக்டரம்மா தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்பாவை நினைத்து அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை. எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள், "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டுப் போனதோடு சரி.

ஏப்ரலில், எடை குறைக்க வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். டாக்டரம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். போன் வழியாக வேறொரு டாக்டரிடம் மருந்துச் சீட்டு வாங்கினேன். அதற்கான படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: வேறு மருந்து ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா? 'இல்லை' என்று தொட்டேன். ஒரு பாகம் அரை மில்லிமீட்டர் தப்பினாலும் கையெழுத்துப் போட மறுப்பவள் நான். அந்த 'இல்லை'யைத் தொட ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வீட்டுக் குளிர்பெட்டியில் இருந்ததை வைட்டமின் ஊசி என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஊசி வேலை செய்தது. பசி போய்விட்டது. ஒரு இட்லிக்கு மேல் இறங்காது. எடை குறைந்தது.

ஜூலையில் எங்கள் சபையில் இருபத்தொரு நாள் உபவாச ஜெபம். மாலை ஆறு மணி வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. என் கல்யாணத்துக்காக அம்மா பெயர் கொடுத்தார். நானும் கொடுத்தேன். மூன்றாம் நாளே மற்றவர்கள் வாடிவிட்டார்கள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஐந்தாம் நாள் பாஸ்டரம்மா என்னைச் சாட்சி சொல்ல எழுப்பினார்.

"கர்த்தர் எனக்குப் பசியையே எடுத்துவிட்டார்" என்று மைக்கில் சொன்னேன்.

சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. அன்றிலிருந்து மாட்டிக்கொண்டேன். வயதில் பெரியவர்கள்கூட என்னிடம் வந்து, எனக்காக ஜெபி என்று தலை குனிந்தார்கள். இனி எப்படி எல்லோர் முன்பும் சாப்பிடுவேன்?

அந்த வாரம்தான் ஊசியின் அளவைக் கூட்ட வேண்டிய முறை. கூட்டினேன். வாந்தி தொடங்கியது. உலை இருக்கும் கூடத்தில் வெயிலும் அனலும் சேர்ந்து வியர்வை கொட்டும். அப்படியும் தண்ணீர் குடிக்கவில்லை. இரவு போட்ட கொலஸ்ட்ரால் மாத்திரை வாந்தியில் போயிருக்குமோ என்று பயந்து இன்னொன்று போட்டேன். அடுத்த நாட்களிலும் அப்படியே செய்தேன். பிறகு தொடை வலி. பிறகு சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போனது.

நோட்டை எடுத்து எழுதிப் பார்த்தேன். மாத்திரையை நிறுத்தினால் அப்பாவுக்கு ஆனது எனக்கும் ஆகும். ஊசியை நிறுத்தினால் பசி வரும், வேஷம் கலையும். உபவாசத்தை விட்டால் ஏன் என்று கேட்பார்கள். டாக்டரம்மாவிடம் போனால் எல்லாம் வெளியே வரும். நான்கையும் எழுதி நான்கையும் அடித்தேன். நோட்டை மூடிவிட்டு அழுதேன். "ஆண்டவரே, யாருக்கும் தெரியாமல் என்னைக் காப்பாற்றும்." ஒரு வாரம் இதே ஜெபம்தான். எழுந்தால் வலி அப்படியே இருக்கும்.

பதினைந்தாம் நாள் மதியம். எல்லோரும் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். பரிசோதனை மேசையில் நானும் ஸ்டெல்லாவும் மட்டும். அவள் என் வயதுதான், எங்கள் சபைதான். கல்யாணமாகி ஐந்து வருடமாகக் குழந்தை இல்லை. அதற்காக உபவாசம் இருந்தாள்.

"இன்னாடி ஊழியக்காரம்மா, மூஞ்சி காஞ்ச கருவாடு மாறி கீது?" வழக்கம்போலக் கிண்டலாகத்தான் தொடங்கினாள். அடுத்த நிமிடம் அவள் கண் நிறைந்துவிட்டது.

"எனக்காக ஜெபம் பண்ணுடி. என்னால முடியல. நேத்து கேன்டீனுக்குப் பின்னால போய் ரெண்டு பன்னு துன்னுட்டேன். உன்ன மாறி விசுவாசம் எனக்கு இல்ல. கொயந்த வேணும்னு கேட்டுக்கினு, திருட்டுத்தனமா பன்னு துன்றவ சொல்றத கர்த்தர் கேப்பாரா?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"ஸ்டெல்லா, எனக்குப் பசியே எடுக்காதுடி. ஊசி போட்டுக்கினு இருக்கேன்."

"இன்னா ஊசி?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, படிவத்தில் தொட்ட 'இல்லை', வாந்தி, மாத்திரையை இரட்டையாகப் போட்டது, சிறுநீரின் நிறம்.

"அடிப்பாவி! ரெண்டு பன்னுக்கு ராவெல்லாம் அழுதுக்கினு கீறேன் நானு. நீ ஊசி குத்திக்கினு மைக்ல பேசுனியா?" என் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "எந்திரி. டாக்டராண்ட போலாம்."

"பாஸ்டரம்மாவுக்குத் தெரிஞ்சா..."

"தெரியட்டும். செத்துட்டா மட்டும் தெரியாதா? எந்திரிடின்றேன்!"

எழ முடியவில்லை. அவள்தான் கைகொடுத்துத் தூக்கினாள்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நான்கு நாள் குளுக்கோஸ் ஏறியது. மூன்றாம் நாள் அவரே பார்க்க வந்தார்.

"இந்த மாத்திரையும் ஊசியும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்லம்மா. ரெண்டையும் சேத்து எடுத்துக்கறவங்க நிறைய பேர். சோறு இல்ல, தண்ணி இல்ல, வாந்தி வேற, அதுல மாத்திரை ரெண்டு மடங்கு. தசை சிதைஞ்சு, அந்தக் கழிவு கிட்னிய அடைக்க ஆரம்பிச்சிருந்துது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா டயாலிசிஸ்ல படுத்திருப்ப." பிறகு கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஃபாரத்துல இல்லன்னு போட்டியாமே. குவாலிட்டிலதானே வேலை பாக்கற?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அந்தக் கட்டிலில்தான் என் ஜெபத்துக்குப் பதில் வந்ததைப் புரிந்துகொண்டேன். காப்பாற்றும் என்று கேட்டேன், காப்பாற்றினார். யாருக்கும் தெரியாமல் என்றும் கேட்டேன். அதை அவர் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நான் இன்று இல்லை. என்னைவிடப் பலவீனமானவள் என்று நான் நினைத்திருந்த ஸ்டெல்லாவை, அவளுடைய அழுகையோடு என் மேசைக்கு அனுப்பி என் வாயைத் திறந்தார்.

பாஸ்டரம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். திட்டவில்லை. "ஞாயித்துக்கிழம நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

நானே சொன்னேன். இருபத்தோராம் நாள், அதே மைக். இந்தமுறை அல்லேலூயா இல்லை. ஒருவர் இருமியதுகூடக் கேட்டது. ஆனால் கூட்டம் முடிந்ததும் இரண்டு பெண்கள் தனித்தனியாக என்னிடம் வந்தார்கள். ஒருவர் உபவாசத்துக்காகச் சர்க்கரை மாத்திரையை விட்டிருந்தார். இன்னொருவர் தைராய்டு மாத்திரையை. அவர்கள் போன பிறகும் ஒருவர் தூணருகே நின்றுகொண்டிருந்தார். என் அம்மா.

"நானும் பிரஷர் மாத்திரைய இருபத்தோரு நாளா போடல கண்ணு. வெறும் வயித்துல போட்டா தல சுத்துச்சி. உனக்காகத்தானே, முடிஞ்சப்புறம் போட்டுக்கலாம்னு வுட்டுட்டேன். நீ ஆஸ்பத்திரில கெடக்கறப்போ இத எப்படி சொல்றது?"

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாவுக்குப் பிறகு எனக்கு இருப்பது அவர் ஒருவர்தான். மறுநாள் காலை முதல் ஆளாக டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். ரத்த அழுத்தம் பயப்படும் அளவில் இருந்தது. மருந்து கொடுத்து, பக்கத்திலேயே உட்கார வைத்து, மறுபடி மறுபடி பார்த்தார். அம்மா பிழைத்தது எனக்குக் கிடைத்த இரண்டாவது பதில். அதை நான் கேட்கக்கூட இல்லை.

இன்று எனக்கு ஒரே டாக்டர். ரத்தம் சரியாகும்வரை இரண்டு மருந்தையும் நிறுத்தி வைத்தார். பிறகு வேறொரு கொலஸ்ட்ரால் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினார். மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு, சில வாரம் கழித்து ஊசியையும் முதல் அளவிலிருந்து தொடங்கினார். பசி இல்லாவிட்டாலும் நேரத்துக்குக் கொஞ்சம் சாப்பிடுகிறேன், தண்ணீர் குடிக்கிறேன். மாத்திரை தவறினால் இரட்டையாகப் போடுவதில்லை. வாந்தி நிற்காவிட்டாலோ, தசை வலித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ அன்றே வரச் சொல்லியிருக்கிறார். கல்யாணம் முடிவானால், குழந்தையைப் பற்றி யோசிக்கும் முன்பே தன்னிடம் சொல்ல வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அப்போது இந்த மருந்துகளை முன்கூட்டியே நிறுத்த வேண்டிவரும்.

ஸ்டெல்லாவுக்காக இன்னும் ஜெபிக்கிறோம். நீங்களும் ஜெபியுங்கள்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது ஒரு மருந்தை மறைத்து வைத்திருக்கலாம், உபவாசத்துக்காக ஒன்றை நிறுத்தியிருக்கலாம். வெளியே சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆண்டவருக்கு அது முன்பே தெரியும். தெரிந்தும் அவர் உங்களை விட்டுப் போகவில்லை. அவரை நம்பி, இன்றே உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் எங்கள் சபைக்கு வாருங்கள். நானும் அம்மாவும் கூட வருகிறோம்.