வியாழன்தோறும் பின்வாங்கிய தேதி

தன் கையால் திருத்திய பிழை திருந்தாமல் அப்படியே நின்றால், ஒருவர் எத்தனை நாள் தன்னையே சந்தேகிக்கலாம்? ஸ்ரீரஞ்சனி மூன்று வாரம் சந்தேகித்தார்.

புணேயின் கோர்படி ரயில்வே காலனியில் வளர்ந்தவர். பி.காம். முடித்து, 1994இல் விஷ்ராந்த்வாடியில் ஒரு பாலிடெக்னிக்கின் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளராகச் சேர்ந்தார். பத்திரிகைகளோடு வந்த சிடிக்களை வைத்து லினக்ஸ் இயங்குதளத்தைத் தானாகவே கற்றார். அவரை மேதை என்று சொல்லமாட்டேன். பாதியில் எழுந்து போகாதவர், அவ்வளவுதான்.

2003இல் அலுவலகத் தட்டச்சர் பாலாம்பாளின் பார்வை வேகமாக மங்கியது. விரல்களில் குறையில்லை, அடித்ததைப் படித்துச் சரிபார்க்கத்தான் முடியவில்லை. மார்ச் முடிவதற்குள் பிறர் உதவியில்லாமல் கடிதங்களை முடிக்காவிட்டால் வேலை இல்லை என்றது நிர்வாகம். திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் இலவச மென்பொருள் ஒன்று இருந்தது. ஆனால் அதன் மூல நிரல்தான் கிடைத்தது. அதைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றுவது, அதாவது கம்பைல் செய்வது, நம் பொறுப்பு.

லேபின் பழைய கணினி ஒன்றைப் பாலாம்பாளின் மேசையில் வைத்து ஸ்ரீரஞ்சனி தொடங்கினார். அதற்குத் தேவையான துணை நிரல்தொகுப்பு, ஒரு லைப்ரரியைக் கொண்டுவந்தால் அது இன்னொன்றைக் கேட்டது. எல்லாம் சேர்ந்தபின் முழுதாகக் கம்பைல் ஆக ஏழு மணி நேரம். ஒரு புதன்கிழமை முடிந்தது. குரலுக்குப் பதில் இரைச்சல் வந்தது. ஒலியின் வேகத்தைக் குறிக்கும் எண் தவறு என்று கண்டுபிடித்து, வெள்ளிக்கிழமை அதைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்தார். சில நொடியில் முடிந்தது. அதே இரைச்சல். வேறு எண்களைப் போட்டுப் பார்த்தார், வேறு வரிகளை மாற்றினார். இரைச்சல் மாறவில்லை.

அதுவரை டைப்ரைட்டரிலேயே அடித்துவந்த பாலாம்பாள், பழகிக்கொள்ள அந்தக் கணினியில் ஒரு கடிதம் அடித்தார். திங்கட்கிழமை லேபுக்கே வந்துவிட்டார்.

"உன் மெஷின் என்னை அஞ்சு வருஷம் சின்னவளாக்கிடுத்து, ரஞ்சனி. லெட்டர்ல தானா தொண்ணூத்தெட்டு ஜனவரி ஒண்ணுன்னு தேதி விழுந்திருக்கு. எங்க ஆபீஸ் மேனேஜர் படே சாஹேப் எல்லார்கிட்டயும் காட்டிச் சிரிக்கறார்."

"என்னிக்கு அடிச்சேள் மாமி?"

"வெள்ளிக்கிழமை. வியாழன்தான் லைட் கிடையாதே."

புணேயில் வியாழன் மின்வெட்டு நாள். கணினிக்குள் கடிகாரத்தைக் காக்கும் பேட்டரி, முதல் கம்பைல் முடிந்த அந்த வாரத்தில்தான் செத்திருந்தது; மின்சாரம் நின்றதும் தேதி 1998க்குப் போய்விட்டது. கம்பைல் செய்யும் கருவி கோப்புக்குள் என்ன இருக்கிறதென்று பார்ப்பதில்லை, தேதியை மட்டுமே ஒப்பிடுகிறது; ஏற்கெனவே கம்பைல் ஆன துண்டைவிடப் புதிய கோப்பை மட்டுமே மறுபடி கம்பைல் செய்கிறது. புதன்கிழமை 2003 தேதியில் கம்பைல் ஆன துண்டைவிட, வெள்ளிக்கிழமை 1998 தேதியில் திருத்திய கோப்பு பழையதென்று கருதி அதைத் தொடவே இல்லை. 'கோப்பின் தேதி எதிர்காலத்தில் இருக்கிறது' என்று ஒவ்வொரு முறையும் எச்சரித்தும் இருந்தது. நூறு எச்சரிக்கைகளில் ஒன்றென்று ஸ்ரீரஞ்சனி தாண்டிப் போயிருந்தார்.

தேதியைச் சரிசெய்து, பழைய துண்டுகளை அழித்து, முதல் வெள்ளிக்கிழமை திருத்திய எண்ணையே மீண்டும் போட்டு, ஏழு மணி நேரம் காத்திருந்தார். குரல் வந்தது. அவரது முதல் திருத்தமே சரி. பாலாம்பாளின் வேலை நிலைத்தது.

லேபின் மற்ற கணினிகளில் பேட்டரி செத்தபோதெல்லாம் ஸ்ரீரஞ்சனி உடனே மாற்றினார். மூன்று வாரம் தன்னையே சந்தேகிக்கவைத்த அந்த ஒன்றில் மட்டும் மாற்றவில்லை. பாலாம்பாள் ஓய்வுபெறும்வரை ஆறு ஆண்டுகள், வெள்ளிக்கிழமைதோறும் காலையில் அவர் மேசைக்குப் போய்த் தேதியைக் கையால் போட்டார். பேட்டரியை ஏன் மாற்றவில்லை என்று பாலாம்பாள் ஒருமுறை கேட்டார். ஸ்ரீரஞ்சனி தேதியை அடித்தார். குரல் அதை வாசித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு லேபுக்குப் போய்விட்டார்.