அண்ணியின் நாற்காலிக்கு ஒரு போர்டு

தெருவில் எல்லாருக்கும் அவள் ஜெராக்ஸ்காரி. மாடிப்படிக்குக் கீழே கடை. இரண்டு பேர் உள்ளே வந்தால் மூன்றாமவர் வெளியேதான் நிற்க வேண்டும். அவள் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள் என்பது அவள் கணவனுக்கே பாதி மறந்துபோயிருந்தது. அவன் வங்கியில் காவலாளி. அவர்களோடு இருந்த அவன் அக்கா, பள்ளியில் கணக்கு டீச்சர்; அவளுக்கு அண்ணி.

சிறு வயதிலேயே அண்ணிக்கு இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. மோட்டார் வைத்த சக்கர நாற்காலியைத் தானே ஓட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவார். யாராவது தள்ளிவிடட்டுமா என்று கேட்டால், "ஏன், நீங்க நடக்கும்போது நான் தள்ளுறேனா?" என்பார்.

ஒரு பெருமழையில் அந்த நாற்காலி நின்றுபோனது. நாற்காலியை இயக்கும் கைப்பிடிப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, சர்க்யூட் போர்டிலிருந்த செம்புக் கோடுகளை அரித்துவிட்டது. சர்வீஸ்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த மாடலையே நிறுத்திட்டாங்கம்மா. போர்டு கிடைக்காது. புது நாற்காலிதான்."

இரண்டு நாள் தம்பி தள்ள, அண்ணி பள்ளிக்குப் போனார். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜெராக்ஸ்காரிக்கு மனசு கேட்கவில்லை. அண்ணியின் அறை மேசையில் பெட்டியைப் பிரித்து உதிரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். சிப் உட்பட எல்லாம் நன்றாகவே இருந்தன. போனது கோடுகள் மட்டும்தான். கோடுகளை நகல் எடுக்க முடியாதா என்ன?

போர்டை ஸ்கேன் செய்து, அழிந்த இடங்களைக் கணினியில் வரைந்து நிரப்பினாள். லேசர் பிரிண்டரின் டோனர் என்கிற மைத்தூள் சூடு பட்டால் இளகும். வழவழப்பான பத்திரிகைத் தாளில் கோடுகளை அச்சடித்து, செம்புத் தகட்டின்மேல் கவிழ்த்து இஸ்திரி போட்டால், அது செம்பில் ஒட்டிக்கொள்ளும்; தாளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடலாம். பிறகு ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டால், டோனர் மூடாத செம்பு கரைந்துபோய்க் கோடுகள் மட்டும் மிஞ்சும்.

முதல் போர்டு பளிச்சென்று வந்தது. சிப்பைப் பொருத்தப் போனால், கால்களெல்லாம் எதிர்ப்பக்கம்! தாளைக் கவிழ்த்தால் படமும் இடம் வலமாக மாறும் என்பதை மறந்து, திருப்பாமல் அச்சடித்திருந்தாள்.

அண்ணி தலையைத் தூக்கிப் பார்த்தார். "ஜெராக்ஸ் கடைக்காரிக்கே இடது வலது தெரியலையா?"

"சிரிங்க அண்ணி, நல்லா சிரிங்க. இதுக்காவது வாயைத் திறந்தீங்களே!"

இரண்டாவது போர்டில் அவசரப்பட்டாள். தாள் ஊறுவதற்குள் உரித்ததில் பாதிக் கோடுகள் தாளோடு போயின. அதற்குள் கணவன் வந்து நின்றான்.

"அயர்ன் பாக்ஸைக் குடேன். யூனிஃபார்ம் கசங்கிக் கிடக்கு."

"இன்னைக்கு அப்படியே போங்க. திருடன் உங்க மடிப்பைப் பார்த்தா பயப்படப் போறான்?"

மூன்றாவது முறை அண்ணியே நாற்காலியில் ஏற்றித் தள்ளச் சொல்லி மேசையருகே வந்துவிட்டார். ஜெராக்ஸ்காரி தகட்டைக் கம்பி நாரால் தேய்த்து, விரல் படாமல் துடைத்து, தாளை வைத்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள். அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "இன்னும் முப்பது செகண்ட். ஓரத்தை விட்டுட்டே, அங்க அழுத்து" என்றார். சோப்புத் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, கட்டைவிரலால் தாளை உருட்டி உருட்டி எடுத்தார்கள். ஒரு கோடுகூட அறுபடவில்லை. கடுங்காப்பி நிறக் கரைசலில் தட்டை ஆட்ட ஆட்ட, செம்பு விலகிப் பலகை தெரிந்தது. இருவர் விரல்களும் மஞ்சளாகிவிட்டன.

துளையிட்டு, உதிரிகளைப் பற்றவைத்து, பேட்டரியை இணைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். முன்னே போனது, பின்னே வந்தது, சொன்ன இடத்தில் நின்றது. அடுத்த நிமிடம் அண்ணி வாசலைத் தாண்டிவிட்டார். தம்பி பதறிப் பின்னால் ஓடினான்.

"தள்ளாதடா! கையை எடு!" தெருவே திரும்பிப் பார்த்தது. முனை வரை போய், ஒரு வட்டமடித்து, கண்ணெல்லாம் நீராகச் சிரித்துக்கொண்டே திரும்பினார். ஜெராக்ஸ்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. மஞ்சள் கையோடு நடுத்தெருவில் நின்று கைதட்டினாள்.

விஷயம் கேள்விப்பட்டு சர்வீஸ்காரர் வந்தார். போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தக் கம்பெனிம்மா செஞ்சது?"

"எங்க வீட்டுக் கம்பெனிதான்," என்றார் அண்ணி.

அடுத்த வாரம் சர்வீஸ்காரர், ஓடாத மூன்று நாற்காலிகளின் பெட்டிகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். ஜெராக்ஸ்காரி மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்து, முதல் பெட்டியின் திருகைக் கழற்ற ஆரம்பித்தாள்.