உப்புக்காற்று என்றவர்

மச்சானின் காருக்குப் புதுப் பற்றரியைப் பிளஸ், மைனஸ் மாற்றிக் கொழுவியது நான்தான். ஒரு பொறி பறந்தது. பிறகு கார் அசையவில்லை.

சரவணையிலிருந்து வந்த மெக்கானிக் ஒல்லியானவர், எதையும் தொடுமுன் மோந்து பார்ப்பவர். பியூஸ் பெட்டியை மோந்துவிட்டு என்னை ஏறிட்டார்.

“மாறிக் கொழுவினீரோ?”

“சீ, சரியாத்தான் கொழுவினனான்.”

பற்றரி வயர்களை இடம் மாற்றிக் கொழுவிவிட்டு, கருகிய பியூஸைக் கழற்றித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மச்சானிடம் காட்டிக்கொடுக்கத்தான் என்று சந்தேகப்பட்டேன். மச்சான் வந்து என்ன பிழை என்று கேட்டான்.

“உப்புக்காத்துத்தான், அண்ணை. பியூஸ் எரிஞ்சு போட்டுது. வேறை ஒண்டுக்கும் சேதமில்லை.”

புதுப் பியூஸ் போட்டதும் கார் உறுமியது. அவர் என் பக்கம் திரும்பாமலே சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எங்கள் தீவில் யாராவது உப்புக்காற்றைக் குறை சொன்னால் நான் காரைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் பேசாமல் நிற்பவனின் முகத்தைத்தான் பார்க்கிறேன்.