நூர் பாய் தேடிப்போன தோல் கம்பெனி

நூர் முகம்மதுவைப் பற்றி யாராவது என்னிடம் "ரொம்ப சாது" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாதுவா? பிடித்தால் உடும்புப்பிடி. அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் அவரும் நாங்களும் ஒரே அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸில் பல வருஷம் குடியிருந்தோம். அவர் மனைவி மெஹர் நிஷா எனக்குக் கூடப்பிறக்காத தங்கை. நூர் பாய் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி மருந்துக் கம்பெனி வேலைக்குப் போவார், சாயங்காலம் வருவார், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அதற்காகச் சாது என்று சொல்லிவிடுவதா?

மெஹர் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகுதான் மனிதருக்கு இந்தத் தோல் கம்பெனிப் பித்து பிடித்தது. அவர் உத்தமபாளையத்துக்காரர். தோல் வியாபாரத்துக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. மெஹரின் குடும்பம்தான் திண்டுக்கல்லில் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டவர்கள். விக்டோரியா ராணி காலத்தில் லண்டனில் பெல்வுட் அண்ட் சன்ஸ் என்று ஒரு கம்பெனியாம். அவளுடைய முப்பாட்டனார் ஆட்டுத்தோலை ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதமாக்கிக் கப்பலில் அனுப்புவாராம், அங்கே அதில் பூட்ஸும் கையுறையும் தைத்து விற்பார்களாம். மெஹர் இருந்தபோது இந்தக் கதையை எடுத்தால், "ஆரம்பிச்சிட்டியா?" என்று எழுந்து போய்விடுவார். புதுமாப்பிள்ளையாக அந்தத் தொழிற்சாலைக்குள் போய் நாற்றம் தாங்காமல் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றவர்தானே! அதை அவள் கடைசிவரை சொல்லிக் காட்டிச் சிரித்தாள். அவள் போனபின் அதே கதையைத் தேடி லேப்டாப்பே கதியென்று உட்கார்ந்துவிட்டார். அவளைப் பற்றிப் பேச அவருக்கு வேறு சாக்கு இல்லை. அது எனக்குப் புரிந்ததால் வாயை மூடிக்கொண்டு காபி போட்டுக் கொடுத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் மகள் ருக்ஸானா, "அத்தா, ஐ வான்ட் யூ டு மீட் சம்ஒன்" என்றாள். பையன் பெயர் ஆதிஃப். டெக்சஸில், ரிச்சர்ட்சனில் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவன். மசூதியில் நோன்புக் கஞ்சி பரிமாறும்போது பழக்கமாம். பெற்ற தாய் பிரசவத்திலேயே போய்விட, சென்னையில் அப்பா வளர்த்த பிள்ளை. தங்கமான பையன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்ததில் நான் அன்றைக்கே விழுந்துவிட்டேன்.

"எங்கம்மா சைடும் திண்டுக்கல்தான் அங்கிள். லெதர் பிசினஸ் பண்ணாங்கன்னு டாடி சொல்லுவாங்க" என்றான் அவன்.

கேட்கவேண்டுமா! நூர் பாய் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த சில வாரங்கள் லண்டன் மியூசியத்துக்கு ஈமெயில், திண்டுக்கல்லுக்குப் போன் என்று ஒரே அமர்க்களம். கடைசியில் கண்டுபிடித்தே விட்டார். பெல்வுட் கம்பெனிக்குத் தோல் அனுப்பியது இரண்டு கூட்டாளிகள். ஒருவர் மெஹரின் முப்பாட்டனார், இன்னொருவர் ஆதிஃபுடைய அம்மா வழி முப்பாட்டனார். இரண்டு குடும்பமும் கடைசிவரை ஒரே காம்பவுண்டுக்குள் குடியிருந்தவர்கள். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே வேலைக்கு இங்கே வந்துவிட்ட நூர் பாய்க்கு அந்த வீட்டாரோடு பழக்கமில்லை. ருக்ஸானா பிறந்து கொஞ்ச நாளில் தொழில் படுத்து, வாய்ச்சண்டை முற்றி, ஆளுக்கொரு திசையில் போனவர்களுக்குள் அப்புறம் பேச்சுவார்த்தையே இல்லை.

"விக்டோரியா காலத்துல ஒன்னா யாவாரம் பண்ணுன ரெண்டு வீடு, அமெரிக்காவுல வந்து சம்பந்தம் பண்ணுது! மெஹர் இருந்திருந்தா என்னா குதி குதிச்சிருப்பா, ஜலஜாம்மா!" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர். நிக்காஹ் நடக்கும் ஹால் வாசலில் இரண்டு குடும்ப மரத்தையும் பெரிதாக பிரிண்ட் பண்ணி வைக்கப் போகிறாராம். மரத்தில் ஒரு கிளை விட்டுப்போகக் கூடாதென்று, அந்தக் காம்பவுண்டுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த நாகரத்தினம் டீச்சரையும் தேடிப் பிடித்தார்.

சனிக்கிழமை காலையில் வீடியோ கால். பிரியாணிக்கு யாரிடம் சொல்வது என்று பேசப் போன நானும் பக்கத்தில் இருந்தேன். நூர் பாய் மகள் படத்தைக் காட்டி, மாப்பிள்ளை படத்தைக் காட்டி, அவன் இன்னார் வீட்டுப் பேரன் என்றார்.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "கோடி வீட்டுல பிரசவத்துல போயிருச்சே, அந்தப் பொண்ணோட மகனா? அட கடவுளே! தம்பி, இது நம்ம மெஹர் பால் குடுத்த புள்ளைதானே! புட்டிப்பால் ஒத்துக்காம வத்தலா கெடந்துச்சு. மெஹருக்குப் பொண்ணு பொறந்ததும் ரெண்டையும் மடியில போட்டுக்கிட்டா. அவ அமெரிக்கா கெளம்புற வரைக்கும் அவகிட்டதான் குடிச்சுச்சு. அதான் பொழச்சுது!"

டீச்சருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அதைவிடச் சந்தோஷம். "பாத்தீங்களா பாய், மெஹரே மாப்பிள்ளைய வளத்து அனுப்பியிருக்கா!" என்று கைதட்டினேன். திரும்பிப் பார்த்தால் அந்த மனிதர் முகத்தில் ரத்தமே இல்லை.

போனை வைத்தபின் அவர்தான் விளக்கினார். ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் அவர்கள் மார்க்கத்தில் கூடப்பிறந்தவர்களுக்குச் சமம். கல்யாணம் ஹராம், கூடவே கூடாது.

எனக்கு வந்ததே கோபம். "என்ன பாய் பேத்தறீங்க! கைக்குழந்தை பசிக்கு அழுதது, அவ பால் குடுத்தா. அதுக்கு இப்ப தண்டனையா? அந்தப் பையனோட அப்பா ஏன் சொல்லலை?"

சென்னைக்குப் போட்டுக் கேட்டார். யாரோ ஒரு பெண் பால் கொடுத்தது அந்த அப்பாவுக்குத் தெரியும், யாரென்று தெரியாது. பெண்கள் பகுதியில் நடந்தது. அடுத்தவன் மனைவி பெயரை விசாரிப்பது மரியாதையில்லை என்று இருந்துவிட்டாராம். குழந்தை மூன்று மாதத்தில் சென்னைக்குப் போய்விட்டது. நல்ல மரியாதை! நாசமாய்ப் போன மரியாதை!

"மெஹராவது உங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"பிரசவத்தப்ப நான் இங்கதானே இருந்தேன். இங்க வந்த புதுசுல அழுவா, ஜலஜாம்மா. ஒரு புள்ள அழுவுறது காதுல கேக்குதும்பா. நான் ஊர் நெனப்புன்னு இருந்துட்டேன்."

ஆனாலும் விட மனசில்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். டீச்சரிடம் நான் பேசிக்கொள்கிறேன், சென்னைக்காரர் வாயைத் திறக்கமாட்டார், நீங்களும் பேசாமல் இருந்துவிடுங்கள், தாயில்லாத இரண்டு பிள்ளைகள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

"நான் மறைச்சு முடிச்சு வைக்கலாம். நாளைக்கு அதுகளுக்கு ஒரு புள்ள பொறந்தா, அத நான் எந்தக் கையால தூக்குவேன்?" என்றார்.

பள்ளிவாசல் இமாமிடம் கேட்டார். அவரும் தலைகுனிந்து வழியில்லை என்றார். சாயங்காலம் ருக்ஸானாவை உட்காரவைத்துச் சொன்னார். "அத்தா, ஆர் யூ ஷ்யூர்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள் அந்தக் குழந்தை. எதிர்த்துப் பேசுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் அவள் பக்கம் நின்று நானும் கத்தியிருப்பேன். அவளும் அதே நம்பிக்கையில் வளர்ந்தவள்தானே. "ஏன் அத்தா தேடுனீங்க? ஒய் டிட் யூ ஹாவ் டு லுக்?" என்றாள் கடைசியில். அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த மனிதர் அப்படி அழுது, மெஹரை அடக்கம் செய்த அன்றுகூட நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஆதிஃப் வந்தான். அவன் அப்பா சொல்லியிருந்தார். சோபாவில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "அங்கிள், அவங்க போட்டோ ஒன்னு எனக்குத் தருவீங்களா?" என்றான். "எனக்கு ஒரு அம்மா இருந்திருக்காங்க. எனக்குத்தான் தெரியல."

ருக்ஸானாதான் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தாள். மெஹர் பச்சைச் சேலையில் சிரிக்கும் படம். அவன் அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு எழுந்தான். நூர் பாய் வாசல்வரை கூடப் போய், "இது ஒன் வீடுப்பா. நீ மெஹரோட புள்ள. எப்ப வேணும்னாலும் வா" என்றார்.

அவன் தலையாட்டினான். ருக்ஸானா அவனுக்கு எதிரே நின்றிருந்தாள். நிக்காஹ் முடியும்வரை விரல்கூடப் படக்கூடாது என்று கட்டுப்பாடாக இருந்த பிள்ளைகள். இந்த மனிதருக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ, மகள் தோளைத் தொட்டு, "கட்டிப்புடிச்சு அனுப்பி வைம்மா. இப்ப தப்பில்ல. ஒன் அண்ணன்தான்" என்றார்.

அவள் கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தினாள்.

"முடியல அத்தா" என்றாள். "எனக்கு இன்னும் இவன் அண்ணன் ஆகல."