நெல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு ராக் பாட்டு

பேஸ் கிட்டாருக்கு நான்கு தந்திகள். பாட்டுக் கேட்பவர்கள் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை. நிறுத்தினால்தான் என்னவோ குறைகிறது என்பார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். அந்த வேலையும் ஏறக்குறைய அப்படித்தான். அதை விட்ட பிறகு, கூப்பிடுகிற ஒலிப்பதிவுகளுக்குப் போய் வாசிப்பதே தொழிலாகிவிட்டது. சினிமா, விளம்பரம், பக்திப் பாட்டு. எழுதிக் கொடுத்ததை வாசிப்பேன். பாடியவர் யார் என்பது பல நேரம் பாட்டு வெளியான பிறகுதான் தெரியும்.

போன தை மாதம் ஒரு ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் கூப்பிட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் காஞ்சிபுரத்தில் கல்லூரியில் படித்தபோது மூன்று பேராகச் சேர்ந்து ஒரு ராக் குழு தொடங்கியவர்கள். இவர் பாடகர், கிட்டாரும் இவர்தான். டிரம்ஸ் வாசிப்பவர் ராஜகுளத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். பேஸ் வாசித்தவர் உத்திரமேரூர்ப் பக்கம் விவசாயி. கல்லூரி விழாக்கள், கிளப்புகள், இரண்டு மூன்று கல்யாணங்கள் என்று இத்தனை காலம் வாசித்தும் ஒரு பாட்டைக்கூட ஒழுங்காகப் பதிவு செய்ததில்லை. இப்போது ஆறு பாட்டுகளைப் பதிவு செய்துவிட நினைத்தபோது விவசாயிக்குப் பக்கவாதம் வந்து இடது கை விரல்கள் மடங்காமல் போய்விட்டன. அவர் இடத்தில் நான் வாசிக்க வேண்டும். ஒலிப்பதிவு அவர் வீட்டிலேயே.

அது வீடுகூட இல்லை, வீட்டை ஒட்டிய நெல் கிடங்கு. ஒலிப்பதிவுப் பொறியாளராக வந்த பெண் உள்ளே போனதும் ஒருமுறை கை தட்டிப் பார்த்தாள். மூன்று சுவரோரமும் ஆள் உயரத்துக்கு நெல் மூட்டை. எதிரொலி துளியும் இல்லை. சென்னையில் மணிக்கு வாடகை கொடுத்துப் போகிற அறைகளைவிட இது மேல் என்றாள். பின்புறம் பத்தடி தள்ளி மோட்டார் கொட்டகை. மோட்டார் ஓடும்போது மட்டும் பதிவு செய்ய முடியாது. நவரைப் பட்டத்து நெல் நட்டு இருபது நாள் ஆகியிருந்தது. காலையில் மும்முனை மின்சாரம் வந்ததும் தண்ணீர் விட்டாக வேண்டும். மிச்ச நேரம் எங்களுக்கு.

விவசாயி என்னைக் கைபிடித்து வரவேற்றார். வலது கையால் என் கிட்டாரின் கழுத்தை ஒருமுறை தடவிவிட்டு, வாசல் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அன்று முழுவதும் அவர் அங்கிருந்து நகரவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் பேஸ் சுருதி சேர்க்கும். பிறகு பாடகர் தன் கிட்டாரை அதைக் கேட்டுக் காதாலேயே சேர்த்துக்கொள்வார். பேஸ் கொடுக்காமல் பாடகர் சுருதி எடுத்ததே இல்லை. நான் வழக்கம்போல் சுருதிக் கருவியைக் கிட்டாரின் தலையில் மாட்டி, நான்கு தந்திக்கும் பச்சை விளக்கு எரிகிறவரை முறுக்கினேன். பாடகர் கேட்டுச் சேர்த்துக்கொண்டார். தொடங்கினோம்.

முதல் பாட்டு வெறும் குரலில் ஆரம்பிக்கும். நான்கு வரி. ஐந்தாவது வரியில் பேஸும் டிரம்ஸும் சேர்ந்து நுழையும். அறுபத்து மூன்று வயதுக்கு அவர் குரலில் நல்ல கனம் இருந்தது. நான்கு வரியும் சரியாக வந்தன. நான் நுழைந்த இடத்தில் குரலும் பேஸும் ஒட்டவில்லை. குரல் மேலே நின்றது. எங்களைக் கேட்டு அவர் இறங்க முயன்றார். இறங்கியதில் குரல் தொய்ந்தது. இன்னொரு முறை. அதே. மதியத்துக்குள் ஏழு முறை வாசித்தோம், ஏழு முறையும் அதே இடத்தில் பிசகியது. ஒவ்வொன்றின் எதிரேயும் நேரத்தைக் குறித்து, ‘குரல் ஏறுகிறது’ என்று நோட்டில் எழுதினேன். பழைய பழக்கம்.

பொறியாளர் திரையைப் பார்த்து, ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது, கம்ப்யூட்டரில் இறக்கிவிடலாம் என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். பாடகர் முகம் மாறிவிட்டது. சாயங்காலம் என்னைத் தனியாக அழைத்துப் போய், வெளியாள் நீதான், உள்ளதைச் சொல் என்றார். குரல் கொஞ்சம் ஏறுகிறது சார் என்றேன். என் காதில் விழுந்தது அதுதான். நோட்டிலும் அதுதான் இருந்தது.

அவர் வரப்பில் இறங்கி நடந்தபடியே சொன்னார்:

“தொண்ட போச்சின்னா போச்சிப்பா. நாளிக்கு சாயங்காலம் வரிக்கும் பாப்போம். வரலன்னா மூட்டய கட்டிக்கினு போயிடலாம். மெசின்ல திருத்தி ஒண்ணும் வைக்க வேணாம்.”

உத்திரமேரூரில் எடுத்திருந்த அறைக்குத் திரும்பும்போது அவர் சொன்னதே மனதில் ஓடியது. ஆறு பாட்டும் நான் சொன்ன ஒரு வாக்கியத்தில் நின்றுபோகலாம் என்பது பிடிக்கவில்லை. ஆனால் பொய் சொல்லியிருக்கவும் முடியாது.

மறுநாள் காலையில் பாடகர் நாஷ்டாவைக்கூட ஒதுக்கிவிட்டுச் சுக்குத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். மூன்று முறை வாசித்தோம். நேற்றைவிட மோசம், பயத்தில் முதல் நான்கு வரியே ஆடியது. டிரம்ஸ்காரர் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, இன்னா பேஜாரா கீதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த நேரம் விவசாயியின் மனைவி கதவருகே வந்து, கரண்ட் வந்துவிட்டது, பயிர் காய்கிறது, உங்கள் கச்சேரி எப்போது முடியும் என்று கேட்டார். விவசாயி எழுந்து போய் மோட்டாரைப் போட்டார். எங்களுக்கு ஓய்வு.

நான் எழுந்திருக்கவில்லை. ஒரு மூட்டையில் சாய்ந்தபடி மெல்லிய தந்தியைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தேன். மோட்டாரின் ரீங்காரம் சுவரைத் தாண்டி வந்தது. இரண்டும் சேர்ந்த இடத்தில் ஒரு நடுக்கம் கேட்டது: வாவ், வாவ், வாவ் என்று. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நொடிக்கு இரண்டு. ஏறக்குறைய ஒரே சுருதியில் இரண்டு ஒலிகள் இருந்தால் வருகிற நடுக்கம் அது. மோட்டார் என் தந்தியைவிடக் கொஞ்சம் மேலே இருந்தது.

வெளியே, கதவுக்கு நேர் எதிரே, பாடகர் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் கேட்கவில்லை என்ற நினைப்பில், பாட்டின் முதல் வரியை மெல்ல முணுமுணுத்தார். அது மோட்டாரோடு ஒட்டிக்கொண்டது. நடுக்கமே இல்லை.

சுருதிக் கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். தந்தியைத் தட்டியபடியே முறுக்கினேன். வாவ் சத்தம் மெதுவாகி, நீண்டு, நின்றது. நிமிர்ந்தபோது விவசாயி கதவருகே நின்றிருந்தார்.

“அத்த தாம்பா நானு நாப்பது வருசமா பண்ணிக்கினு இருந்தேன்” என்றார்.

வீட்டில் கிட்டார் சத்தம் கூடாது என்று அப்பா சொன்னதால் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து பழகியவர். அந்தக் காலத்தில் கருவி ஏது, மோட்டார் போடுகிற சத்தத்துக்கே தந்தியைச் சேர்த்திருக்கிறார். வெளியூர் மேடைகளிலும் கஷ்டமில்லை. எந்த அரங்கிலும் ஸ்பீக்கர் சும்மா இருக்கும்போது இதே சத்தத்தைத்தான் போடும், மோட்டாரும் ஸ்பீக்கரும் கரண்டின் துடிப்பில்தான் முனகும், எல்லா ஊருக்கும் ஒரே கரண்ட்தானே என்றார். மற்ற இருவருக்கும் இது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வந்ததில்லை. பேஸ் கொடுக்கும், பாடகர் எடுப்பார். அவர் காது எந்தக் கிட்டாரையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளும்; தொண்டை மட்டும் பழகிய இடத்துக்கே போய் நின்றிருக்கிறது.

நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் மடங்காத விரல்களை மற்ற கையால் பிடித்துக்கொண்டார்.

“நீ மெசின் வச்சி பாத்த. பச்ச லைட்டு எரிஞ்சிச்சி. அப்ப நாந்தான் இத்தினி வருசமும் தப்பா வாசிச்சிக்கினு இருந்தேன்னு நெனச்சேன். இந்த வயசுல அத்த எப்பிடி அவன்ட்ட சொல்றது?”

இரண்டு நாளும் அவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. பாடகர் குரல் போய்விட்டதாக நினைத்துத் தவித்துக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி இவர், தன் நாற்பது ஆண்டு வாசிப்பே போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் காரணம் என் பச்சை விளக்கு. நான் போய்ச் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அவரே வாய்க்காலுக்கு நடந்தார்.

அவர்கள் தாழ்ந்த குரலில் பேசியது மோட்டார் சத்தத்தில் எனக்குப் புரியவில்லை. விவசாயி கொட்டகையைக் காட்டினார், பிறகு தன் காதைத் தொட்டார். பாடகர் இடுப்பில் கை வைத்தபடி நின்று கேட்டார். பிறகு அவர் குரல் மட்டும் கேட்டது, நல்ல கனத்தோடு.

“டேய், அப்ப நாப்பது வருசமா எனக்கு சுருதி போட்டது கரண்ட் ஆபீசா?”

டிரம்ஸ்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கேட்டார். அவருக்குப் பழைய சங்கதி ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. மூன்று கீபோர்டுக்காரர்கள் இந்தக் குழுவில் சேர வந்து, ஒரே ஒத்திகையோடு ஓடிப்போயிருக்கிறார்கள். கீபோர்டில் தந்தியா இருக்கிறது முறுக்க? பாவம், வாசிக்கத் தெரியாதவன்கள் என்று மூவரையும் இவர்கள் திட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

“அதுல ஒருத்தன் ஒரத்தூர்ல கடை வச்சினு கீறான் நைனா. போய் ஒரு கிலோ சுவீட் குட்துட்டு வரணும்” என்றார்.

மோட்டார் ஓடுகிறபோதே நான் மற்ற மூன்று தந்திகளையும் சேர்த்தேன். பாடகர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். பிறகு விவசாயி போய் மோட்டாரை நிறுத்தினார். அவர் மனைவி கதவருகே நின்று, பாதி வயல்தான் பாய்ந்திருக்கிறது, ஒரு பாட்டுக்குத்தான் நேரம் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

பாடகர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். நான்கு வரி. ஐந்தாவதில் நுழைந்தேன். குரல் இறங்கவில்லை, ஏறவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. நாங்கள் அதன் அடியில் போய் நின்றோம். நான்கரை நிமிடம். திரையைப் பார்த்த பொறியாளர், குரலில் திருத்த ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னாள். பாடகர் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

நோட்டைத் திறந்தேன். ‘குரல் ஏறுகிறது’ என்று பத்து இடத்தில் எழுதியிருந்தது. எல்லாவற்றையும் அடித்து, ‘பேஸ் இறங்கியிருந்தது’ என்று திருத்தினேன். பாடகரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்தையும் நிதானமாகப் படித்துவிட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தரச் சொல்லி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மிச்ச ஐந்து பாட்டும் மறுநாள் மாலைக்குள் முடிந்தன. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் விவசாயி போய் மோட்டாரைப் போடுவார். நான் சேர்ப்பேன். நாற்காலியிலிருந்து அவர் வலது கை விரலை உயர்த்தி இன்னும் கொஞ்சம் என்பார், பிறகு உள்ளங்கையைக் காட்டிப் போதும் என்பார். அந்தக் கை சொல்லாமல் நான் தொடங்கவில்லை. சுருதியின் கடைசி இழையைப் பிடிப்பதில் அவர் காது என்னுடையதைவிடக் கூர்மை. நடுவில் வயலும் பாய்ந்தது.

கடைசிப் பாட்டு முடிந்ததும் அவர் மனைவி, இனி நிறுத்திப் போடுகிற வேலை இல்லையே என்று கேட்டார். இல்லை என்றோம். விவசாயி எழுந்து போய் மோட்டாரைப் போட்டார். பாடகர் கிட்டாரை உறையில் வைத்துக்கொண்டே அதோடு சேர்ந்து முனகினார்.