ஏழு மேடும் ஒரு 'ஈஸி'யும்

போன மாதம் எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. இங்கிலாந்திலிருந்து!

ஆபீஸ் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். பதினான்கு பேர் கை தட்டினார்கள். வீட்டில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயில் வாசலில் அப்பா தேங்காய் விற்கும் கடைக்கே போய்ச் சொன்னேன். அவர் பக்கத்துக் கற்பூரக் கடை, எதிர்த்த பூக்கடை என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளே இருக்கும் கணபதிக்கே விஷயம் தெரிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நான் காட்டியது கடிதத்தின் முதல் பாதி.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் என் பெருமையைப் படித்துப் பழகியவர்கள் மன்னிக்கவும். இந்த வாரம் அதற்கு வழியில்லை.

என் வேலை இதுதான். நகரத்தை ஒட்டிய கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு ஆபீஸில் உட்கார்ந்து, இங்கிலாந்தின் கிராமத்து ரோடுகளில் சைக்கிள் சுற்றுலா போகிறவர்களுக்கு வழிக்குறிப்பு எழுதுவது. 'சர்ச் தாண்டி இடப்பக்கம் திரும்பவும். நானூறு மீட்டரில் வெள்ளை கேட்...' இப்படி. மேப்பும் படங்களும் பார்த்துத்தான். டார்செட் பக்கத்துக் குறுகலான ரோடுகள், இருபுறமும் ஆள் உயரப் புதர் வேலி, வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கும் மாடுகள் — எல்லாம் எனக்கு மனப்பாடம். நேரில் போனதில்லை. அது பரவாயில்லை. எனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது!

யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். 'தெரியாது' என்று சொல்வதை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டேன்.

ஒவ்வொரு வழிக்கும் ஈஸி, மீடியம், கஷ்டம் என்று தரம் போட வேண்டும். கடிதம் எழுதிய ரூத் என்ற அம்மாள் போன வழிக்குத் தரம் போட்டவள் நானே. முப்பத்தைந்து கிலோமீட்டர். கிளம்பும் ஊருக்கும் சேரும் ஊருக்கும் உயர வித்தியாசம் ஆறே மீட்டர். நடுவில் மலை இருக்கிறதா? இல்லை. அப்புறம் என்ன... 'ஈஸி'.

அந்தப் பக்கத்து நிலம் அலை அலையாகப் போகும். ஒரு மேடு, உடனே இறக்கம். இறக்கத்தின் அடியில் ஓடை, குறுகிய பாலம், திருப்பம். பிரேக் பிடித்தே ஆக வேண்டும். சேர்த்து வைத்த வேகமெல்லாம் அங்கேயே போய்விடும். அடுத்த மேட்டை முதலிலிருந்து மிதிக்க வேண்டும். ஏற்றத்திலிருந்து இறக்கத்தைக் கழித்தால் காகிதத்தில் ஆறு மீட்டர்தான் மிச்சம். முழங்காலில் அப்படிக் கழிக்க முடியுமா?

ரூத் எழுதியிருந்தார்: 'உங்கள் குறிப்பு அற்புதம். சர்ச், வெள்ளை கேட், எல்லாம் சொன்ன இடத்தில் இருந்தன. ஒரு முறைகூட வழி தவறவில்லை.'

நான் காட்டியது இதுவரை. அதற்குக் கீழே இருந்தது இது:

'ஆனால் ஏழு மேடுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். நாலாவது மேட்டில் ஒரு வயல் கேட்டின் மேல் உட்கார்ந்து முடிவு செய்தேன். ஈஸியான வழியே என்னால் முடியவில்லை என்றால், சைக்கிளை விட வேண்டிய வயது எனக்கு வந்துவிட்டது. அறுபத்தெட்டு ஆகிறது. தப்பு உங்களுடையது அல்ல. செப்டம்பர் பயணத்தை ரத்து செய்துவிடுங்கள். மாதக் கடைசியில் சைக்கிளைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிடப் போகிறேன்.'

படித்தபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'பாவம், வயசானவங்க.' அவ்வளவுதான். பிறகு மேல் பாதியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன்.

மறுநாள் ரேஷ்மா என் மேஜைக்கு வந்தாள். ரத்தாகும் பயணங்களைப் பார்ப்பவள். போணக்காடு தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பத்துப் பெண். இப்போது வீடு மலையடிவாரத்து விதுராவில். பேச்சில் பாதி மலையாளம்.

"சேச்சி, லெட்டர்ல பாக்கி எங்க?"

"எந்தப் பாக்கி?"

"ஃபுல் லெட்டர் என் கிட்டயல்லே வந்தது? அந்தம்மா இனி சைக்கிளே தொட மாட்டேன்னு எழுதியிருக்காங்க. சேச்சி அத மறைச்சு வெச்சு கைதட்டு வாங்கியாச்சு. நாணக்கேடு!"

"அவங்களுக்கு வயசாச்சு ரேஷ்மா. ரூட் ஈஸிதான். ஆறு மீட்டர்தான் வித்தியாசம்."

"சேச்சி எப்பவாவது சைக்கிள் மிதிச்சிட்டுண்டோ?"

நான் எழுந்து பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனேன். பாட்டில் நிறைந்துதான் இருந்தது.

திரும்பி வந்தபோதும் அவள் போகவில்லை. "ஞாயித்துக்கிழமை விதுரா வாங்க" என்றாள்.

போனேன். போகாவிட்டால் பயந்துவிட்டேன் என்று நினைப்பாளே! ரேஷ்மா தன் பழைய கியர் சைக்கிளை எடுத்து வைத்திருந்தாள். சுற்றுலா போகிறவர்கள் மாதிரி பின்னால் இரண்டு பை கட்டியிருந்தாள். போணக்காடு ரோட்டில் ஒரு ஏற்றத்தைக் காட்டி, "இது அந்தம்மாவோட நாலாவது மேடு. சாய்வு ஒத்து வருது, நான் நோக்கிட்டேன்" என்றாள்.

எனக்கு ஓட்டத் தெரியாது. அதனால் தள்ளினேன். ரூத்தும் தள்ளத்தானே செய்தார்?

சைக்கிளைத் தள்ளுவது லேசான காரியம் என்று நினைத்திருந்தேன். முன் சக்கரம் என் பேச்சைக் கேட்கவில்லை. பெடல் கணுக்காலில் இடித்துக்கொண்டே வந்தது. பை பின்னால் இழுத்தது. முதல் வளைவிலேயே சுடிதார் முதுகோடு ஒட்டிக்கொண்டது. டீக்கடை வாசலில் நின்றவர் குரல் கொடுத்தார்.

"மோளே, டயர்ல காத்து போயோ?"

"இல்ல சேட்டா. சேச்சிக்கு ஓட்டத் தெரியாது" என்றாள் ரேஷ்மா, ஊருக்கே கேட்கிற மாதிரி.

"பின்னே எதுக்கா சைக்கிள்?"

நியாயமான கேள்வி.

பாதி ஏற்றத்தில் ஒரு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். இனி முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ரேஷ்மா முந்திக்கொண்டாள்.

"என்ன சேச்சி? இது ஈஸியல்லே?"

கேலிதான். ஆனால் அந்தக் குரலை நான் வேறெங்கோ கேட்டிருக்கிறேன். யோசித்தேன்... அது என் குரல்.

போன வருடம் அம்மா ஒரு நோட்டு வாங்கி வந்தாள். சித்தி வீடு விதுராவில். கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டில் போர்டெல்லாம் மலையாளம். ஒவ்வொரு தடவையும் யாரையாவது கேட்டுத்தான் ஏற வேண்டும். கேட்காமல் ஏற வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. "விதுரான்னு வாசிக்க மட்டும் படிச்சுத் தா மக்களே" என்றாள்.

"மூணே எழுத்தும்மா. ஈஸி! ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை வாசிக்கும்" என்றேன்.

அம்மாவுக்கு எல்லா எழுத்தும் முறுக்கு மாதிரி உருண்டையாகவே தெரிந்தது. 'இது கூடவா?' என்று நான் மூன்று நாள் கேட்டேன். நாலாம் நாள் நோட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விட்டது. "எனக்கு மூளை கிடையாது. எல்லாம் உனக்கல்லா வந்திருக்கு" என்று சிரித்தாள் அம்மா.

அன்று எனக்கு வருத்தமாக இல்லை. எழுதவே கூசுகிறது... கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

'கஷ்டம்' என்று போட்டிருந்தால், ஏழு மேட்டையும் தள்ளியே கடந்ததற்கு ரூத் அன்று சாயங்காலம் தன்னையே மெச்சிக்கொண்டிருப்பார். 'ஈஸி' என்றதால் அதே ஏழு மேட்டில் தோற்றுப்போனார். ஒரு காரியத்தை ஈஸி என்று சொல்கிறோமே, யாருக்காகச் சொல்கிறோம்? செய்யப்போகிறவருக்குத் தைரியம் தரவா? நான் என்னை உயரத்தில் வைத்துக்கொள்ளத்தான் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை ரூத்துக்கு எழுதினேன். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அந்த வழி ஈஸி இல்லை, தப்பு தரம் போட்ட என்னுடையதுதான். உங்கள் மேடு மாதிரி ஒன்றில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன், எனக்கு வயது இருபத்தாறு. தயவுசெய்து சைக்கிளைக் கொடுத்துவிடாதீர்கள்.

வழியின் தரத்தை மாற்றினேன். கடிதத்தின் கீழ்ப் பாதியையும் குழுவில் போட்டேன். ஒரு கைகூடத் தட்டவில்லை. ரேஷ்மா மட்டும் கட்டைவிரல் காட்டியிருந்தாள்.

ரூத்தின் பதில் இரண்டு நாளில் வந்தது. 'உங்கள் கடிதத்துக்கு முந்தின நாள்தான் கொடுத்தேன். அந்தப் பெண் ஸீட்டைக்கூடத் தன் உயரத்துக்கு இறக்கிவிட்டாள். திரும்பக் கேட்க வெட்கமாக இருக்கிறது. ஏழு மேட்டைவிடப் பெரிய மேடு இது. இருந்தாலும் நாளைக்குப் போய்க் கேட்கப் போகிறேன்.'

கேட்டாரா, கிடைத்ததா... இன்னும் தெரியாது. தினமும் காலையில் மெயிலைத் திறந்ததும் முதலில் ரூத் பெயரைத்தான் தேடுகிறேன்.

அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து நோட்டை எடுத்துத் தூசி தட்டினேன். "அம்மா, இது கஷ்டம்தான். எனக்கே மலையாளம் வாசிக்க ரெண்டு வருஷம் ஆச்சு. டீச்சர் என்னை கிளாஸுக்கு முன்னால நிக்க வெச்சிருக்காங்க. உங்கிட்ட சொன்னதே இல்ல" என்றேன்.

அம்மா நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத அன்னைக்கே செல்லியிருந்தா என்னட்டி?"